மூன்று மணிக் காவல்

(பிப்ரவரி மாத உறுப்பினர் சந்திப்பில், ‘சி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் நமது கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். – செய்திமடல் குழு)



போன கூட்டத்தில் இதே இடத்தில் மாடித் தோட்டம் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய கூட்டத்தில் சர்க்கரை நோய். இந்த முறை செயலாளர் என்னைக் கூப்பிட்டு, ‘அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிய நம் உறுப்பினர்’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். லிஃப்டில் அதைப் படித்த ஒருவர், “சார், நீந்தியா போனீங்க?” என்று கேட்டார். இல்லை. உண்மையைச் சொன்னால் நான் படகுகூட ஓட்டவில்லை. ஒரு நண்பனுடைய பாய்மரப் படகில் நாலு பேரில் ஒருவனாக வேலை பார்த்தேன். சமையல், பாத்திரம், கயிறு இழுப்பது, இரவுக் காவல். கடைசியாகச் சொன்ன அந்த இரவுக் காவலைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் அதிகமாகப் பேசப்போகிறேன்.

நண்பன் என் கல்லூரி விடுதி அறைத் தோழன். முப்பது வருடமாக இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 42 அடி நீளமுள்ள ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினான். 42 அடி என்றதும் பெரிதாகத் தோன்றும். இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி நடுவில் ஒரு ஸ்கூட்டரை விட்டால் அவ்வளவுதான். அதற்குள் நாலு பேருக்கும் படுக்கை, அடுப்பு, கழிப்பறை, எஞ்சின், மூன்று வாரச் சாப்பாடு.

இப்படிப்பட்ட சொந்தப் படகுக்காரர்கள் பெருங்கடலைத் தாண்ட ஏன் நண்பர்களைக் கூப்பிடுகிறார்கள்? பாசம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தூக்கம். நடுக்கடலில் நங்கூரம் போட முடியாது. படகு இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது ஒருவர் விழித்திருந்தே ஆகவேண்டும். கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் போகிறவர்களும் உண்டு. ஆனால் மூன்று வாரத்தில் இருவருமே நடைப்பிணம் ஆகிவிடுவார்கள். பல காப்பீட்டு நிறுவனங்களும் இத்தனை பேர் இருந்தால்தான் பெருங்கடலுக்கு அனுமதி என்று சொல்லிவிடுகின்றன. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. அப்போது பழைய நண்பர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

செலவைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். சாப்பாடு, டீசல், துறைமுகக் கட்டணம் மூன்றையும் நாலாகப் பிரித்தோம். படகின் பழுதுச் செலவு உரிமையாளருடையது. நம் மெயின்டனன்ஸ் கணக்கைவிட இது எவ்வளவோ எளிது, சண்டையே வரவில்லை.

எனக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது பெசன்ட் நகரில் கால் நனைத்தது மட்டும். அதனால் முந்தைய கோடையில் இங்கிலாந்து போனபோது, ராயல் யாட்டிங் அசோசியேஷன் அங்கீகரித்த ஐந்து நாள் அடிப்படைப் பயிற்சியை முடித்தேன். முடிச்சு போடுவது, பாயை ஏற்றி இறக்குவது, ஆள் விழுந்தால் என்ன செய்வது. சென்னையில் இதில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால், நம் துறைமுகத்துக்குள்ளேயே 1911-லிருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. எனக்கே இது அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

புறப்பட்ட இடம் லாஸ் பல்மாஸ். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரி தீவுகளில் ஒரு துறைமுகம். போய்ச் சேரவேண்டிய இடம் கரீபியனில் செயின்ட் லூசியா தீவின் ராட்னி பே. பெயர் தெரியாவிட்டாலும் பக்கத்து மைதானத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள்: 2024 டி20 உலகக் கோப்பையில் ரோகித் சர்மா ஆஸ்திரேலியாவை வெளுத்து 92 ரன் எடுத்தாரே, அதே இடம். நேர்க்கோட்டில் 2,700 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆகவே ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். எங்கள் சராசரி வேகம் மணிக்கு 6 கடல் மைல். அதாவது சைக்கிள் வேகத்தில், நிற்காமல், இருபது நாள்.

நவம்பர் கடைசியில்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள். அட்லாண்டிக் புயல் பருவம் நவம்பர் 30-ல் முடிவதாகக் கணக்கு. டிசம்பரில் காற்று நிலைபெறத் தொடங்கும். பள்ளிப் புவியியலில் ‘வியாபாரக் காற்று’ என்று படித்தோமே, அது. வடகிழக்கிலிருந்து படகின் முதுகைத் தள்ளிக்கொண்டே போகும். 1492-ல் கொலம்பஸ் இதே கானரி தீவுகளில் நின்று தண்ணீர் ஏற்றிக்கொண்டு இதே காற்றைப் பிடித்துத்தான் மேற்கே போனார். 1986 முதல் ஆண்டுதோறும் சொந்தப் படகுக்காரர்கள் கூட்டமாகப் போகும் ‘ஏ.ஆர்.சி.’ என்ற பயணமும் லாஸ் பல்மாஸிலிருந்துதான் கிளம்புகிறது. நாங்கள் அதில் சேரவில்லை, ஒரு வாரம் தள்ளித் தனியாகக் கிளம்பினோம். பழைய மாலுமிகள் வழி சொல்லும்போது, வெண்ணெய் உருகும்வரை தெற்கே போய்ப் பிறகு மேற்கே திரும்பு என்பார்களாம். எங்கள் வெண்ணெய் ஆறாம் நாள் உருகியது.

படகில் நாலு பேர். நண்பன்தான் கேப்டன். அவனுடைய அண்டை வீட்டுக்காரரான, ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியை ஒருவர். அவனோடு வேலை பார்த்த இருபத்தெட்டு வயது இளைஞன். அப்புறம் நான். என்னை ‘டேய்’ என்று கூப்பிடும் ஒருவன் எனக்கு உத்தரவு போடும் நிலைக்குப் பழகவே நாலு நாள் ஆயிற்று. முதல் நாள் நான் ஒரு கயிற்றைத் தவறாகக் கட்டியபோது அவன் கத்திய கத்தலில், விடுதி மெஸ் பில் பாக்கி வரை பழைய கணக்கெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

கடல் நோய் முதல் மூன்று நாள். அதைப் பற்றி விவரிக்க விரும்பவில்லை, நீங்கள் இதற்குப் பிறகு டிபன் சாப்பிட வேண்டும்.

சாப்பாட்டைச் சொல்கிறேன். அட்டைப்பெட்டி ஒன்றைக்கூடப் படகுக்குள் விடமாட்டார்கள், மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும் என்று. எல்லாவற்றையும் துறைமுக மேடையிலேயே பிரித்து, பழம் காய்களைக் கழுவி ஏற்ற வேண்டும். முட்டைக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். கழுவாத முட்டையைத் தினமும் திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். ஒரு தார் பச்சை வாழைக்காயைப் பின்பக்கம் கட்டித் தொங்கவிட்டோம். ஒன்றொன்றாகப் பழுக்கும் என்று நினைத்தோம். ஒன்பதாம் நாள் காலை அத்தனையும் சேர்ந்து பழுத்தன. மூன்று நாள் வாழைப்பழத்தை எல்லா வடிவத்திலும் தின்றோம்.

படகில் எனக்கு மரியாதை வாங்கித் தந்தது பிரஷர் குக்கர். படகு ஆடும்போது சாதாரணப் பாத்திரத்தில் கொதிப்பதெல்லாம் மேலே வந்து விழும். குக்கரின் மூடி பூட்டிக்கொள்ளும். அடுப்பே ஊஞ்சல்போல் தொங்குகிறது, படகு சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். அதில் நான் வைத்த சாம்பார் சாதத்தை அந்த ஆசிரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். விசில் சத்தம்தான் தூங்குகிறவர்களை எழுப்பிவிட்டது. தூக்கத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. பாத்திரம் கழுவுவது கடல் தண்ணீரில்.

காலையில் தளத்தில் பறக்கும் மீன்கள் விழுந்து கிடக்கும். நம் கரையில் கோலா மீன் என்கிறோமே, அந்த இனம். இரவில் படகின் பின்னால் தண்ணீர் பச்சையும் நீலமுமாக ஒளிரும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர் கடற்கரையில் அலைகள் ஒளிர்ந்தது நினைவிருக்கலாம். அதேபோல, ஆனால் ஒவ்வோர் இரவும், நாம் போகும் பாதை முழுவதும்.

இதெல்லாம் அழகான பகுதி. இனி காவல் விஷயம்.

இரவில் ஒவ்வொருவருக்கும் மூன்று மணி நேரம். மற்ற மூன்று பேரும் கீழே தூங்குவார்கள், நீங்கள் மட்டும் மேலே. ஆட்டோபைலட் படகைச் செலுத்தும். உங்கள் வேலை பார்ப்பது. காற்று மாறுகிறதா, பாய் சரியாக நிற்கிறதா, கறுப்பு மேகம் ஏதாவது பின்னால் வருகிறதா, முக்கியமாகக் கப்பல் வருகிறதா. எந்தக் கலமும் எந்நேரமும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்பது 1972-ன் சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி. சரக்குக் கப்பலுக்கும் அதேதான், நாலு பேர் போகும் படகுக்கும் அதேதான்.

உடம்பில் கட்டும் வாரைப் படகோடு கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளாமல் இரவில் மேலே வரவே கூடாது என்பது கேப்டனின் கட்டளை. காரணம் எளிய கணக்கு. எங்கள் வேகத்தில் ஒருவர் விழுந்தால் ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் பின்னால் போய்விடுவார். இருட்டில், அலையில், ஒரு தலை. நடுக்கடலுக்கு ஹெலிகாப்டர் வராது. அவசர சமிக்ஞை கொடுத்தால் பக்கத்தில் போகும் சரக்குக் கப்பலைத் திருப்பி அனுப்புவார்கள். பக்கம் என்பது ஒரு நாள் தொலைவாகவும் இருக்கலாம்.

கப்பலுக்கும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் உயரத்திலிருந்து ஒரு கப்பலின் விளக்கு ஆறு மைலில் கண்ணில் படுகிறது என்று வையுங்கள். அது 18 மைல் வேகத்தில் நேரே எதிரில் வந்தால், எங்கள் ஆறும் சேர்ந்து 24. ஆறு மைல் கரைய 15 நிமிடம். அதனால் எங்களிடம் சமையலறை டைமர் ஒன்று இருந்தது. 12 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும், எழுந்து சுற்றிலும் ஒரு முழு வட்டம் பார்க்க வேண்டும்.

பதினோராம் இரவு. எனக்கு மூன்றிலிருந்து ஆறு. நிலா இல்லை, காற்று சீராக இருந்தது. டைமர் அடிக்கும்போதெல்லாம் படிக்கட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஆசிரியை புரண்டு படுத்தார். அன்று பகலில் அவருக்கு உடம்பு சரியில்லை. பாவம் என்று டைமரை நிறுத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். கப்பல் நெருங்கினால் ஒலிக்கும் மின்னணு அலாரம் ஒன்று உண்டு. லாஸ் பல்மாஸிலிருந்து கிளம்பிய அன்று சுற்றிலும் படகுகள் இருந்ததால் அது ஓயாமல் கத்தியது, சத்தத்தை அடக்கி வைத்தோம். மறுபடி ஏற்ற நாலு பேருக்கும் தோன்றவில்லை.

கண் விழித்தபோது மணி 4.35. முப்பத்தைந்து மணித்துளிக்கு முன்பே, சரியாக நாலு மணிக்கு, நான் லாக் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இடது பக்கம் ஒரே ஒரு வெள்ளை விளக்கு. பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: கப்பல் உங்களை நோக்கி வந்தால் பச்சையோ சிவப்போ தெரியும், மேலே வெள்ளை. தனியாக ஒரு வெள்ளை மட்டும் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது கப்பலின் முதுகு. அதாவது அது வந்து, எங்களைக் கடந்து, போய்க்கொண்டிருக்கிறது. திரையில் பார்த்தேன், ஒரு மைல் தள்ளி இருந்தது. கடக்கும்போது எவ்வளவு நெருக்கத்தில் இருந்தது? பார்த்திருக்க வேண்டியவன் நான்தான்.

அதன் பிறகு செய்ததைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கீழே போய் லாக் புத்தகத்தை எடுத்தேன். திரையில் படகு வந்த தடம் பதிவாகி இருக்கும் அல்லவா? நாலு மணிக்கு எங்கே இருந்தோம் என்று அதிலிருந்து எடுத்து, காற்று, பாரமானி எல்லாம் குத்துமதிப்பாகப் போட்டு ஒரு வரி எழுதினேன். அடுத்த வரியில், ‘சரக்குக் கப்பல் ஒன்று இடப்பக்கம் 1 மைலில் கடந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்து முத்தான கையெழுத்து. ஆறு மணிக்கு இளைஞன் வந்தான். “ஏதாவது விசேஷம்?” “ஒரு கப்பல் போச்சு.” அவ்வளவுதான்.

அன்று பகல் நன்றாகவே போனது. தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன். இரவில்தான் வினை. என் முறை இல்லாத நேரம், படுக்கையில் இருந்து விழாதபடி ஓரத்தில் கட்டிய துணிக்குள் படுத்திருக்கிறேன். மேலே இளைஞன் இருக்கிறான். பத்து நாளாக அவன் இருக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கியவன் நான். இப்போது தூக்கம் வரவில்லை. அவனும் தூங்கிவிட்டு அழகாக எழுதி வைத்தால்? போன வாரம் முழுவதும் எழுதியதில் எது நிஜம்? எழுந்து எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். அவன் விழித்துத்தான் இருந்தான். “என்ன அங்கிள், உடம்பு சரியில்லையா?” என்றான். இரண்டு இரவு இப்படி. மூன்றாம் நாள் என் காவலில் நிற்கவே எனக்குத் தெம்பில்லை.

பதின்மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும், நாலு பேரும் மேலே இருந்த நேரத்தில் சொன்னேன். நண்பன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து கீழே போனான். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாக் புத்தகத்தோடு வந்தான். நான் எழுதிய இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் என்னையே உண்மையான நேரத்தை எழுதச் சொன்னான். எழுதினேன். பிறகு, “அலாரத்தை அமுக்கினது நான். அதையும் எழுது” என்றான்.

ஆசிரியை, தானும் ஆறாம் இரவில் ஒரு கால் மணி நேரம் தூங்கியதாகச் சொன்னார். இளைஞன் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அன்று மாலையே அலாரத்தின் சத்தத்தை ஏற்றினோம். இரவுக் காவலை மூன்று மணியிலிருந்து இரண்டாகக் குறைத்தோம். டைமரை நிறுத்தவே கூடாது, யார் புரண்டு படுத்தாலும் சரி. தூக்கம் தாங்கவில்லை என்றால் அடுத்தவரை எழுப்பலாம், எழுப்பப்பட்டவர் முகம் சுளிக்கக் கூடாது. நான் இரண்டு முறை எழுப்பினேன். நண்பனே ஒருமுறை என்னை எழுப்பினான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செயலாளரிடம் முன்பே கேட்டுவிட்டேன், தாராளமாகப் பேசுங்கள் என்றார். மூன்று வருடத்துக்கு முன் நம் பின்வாசலில் காலை நாலு மணிக்கு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனின் படம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது ஞாபகமிருக்கும். ரயிலுக்குக் கிளம்பும்போது அந்தப் படத்தை எடுத்துப் போட்டவன் நான். நிறையக் கட்டைவிரல்கள் வந்தன. ஒரு வாரத்தில் ஆளை மாற்றிவிட்டார்கள். அவருடைய ஷிஃப்ட் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை, தனியாக. நான் தூங்கியது மூன்று மணி நேரக் காவலில், அதற்கு முன் ஆறு மணி நேரம் படுத்து எழுந்த பிறகு. ஊருக்கு வந்ததும் ஏஜென்சியில் அவரைப் பற்றி விசாரித்தேன். வேலையை விட்டுப் போய்விட்டார், நம்பர் இல்லை என்றார்கள். இரவு ஷிஃப்ட்டை இரண்டாகப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் தருகிறேன், இன்று அதை இழுக்கவில்லை.

மீதிப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு தங்க நிறத்தில் சர்காசம் என்ற கடற்பாசி பாய் விரித்தாற்போல மிதந்து வந்தது. சுக்கானில் சிக்கும்போதெல்லாம் படகைக் கொஞ்சம் தளர்த்தி உதற வேண்டும். மழைமேகம் ஒன்று பின்னிரவில் பிடித்துக்கொண்டு, பாயைச் சுருக்குவதற்குள் எங்களை நன்றாக உலுக்கிவிட்டது. மேற்கே போகப் போக, 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தை நாலு முறை பின்னால் தள்ளினோம். கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு மணி நேரம் யாருடைய காவலில் விழுகிறது என்பதில் மட்டும் கடும் விவாதம் நடந்தது.

இருபதாம் நாள் இரவு, இரண்டிலிருந்து நாலு என் முறை. முதலில் வாசனைதான் வந்தது. ஈர மண், எங்கோ விறகுப் புகை. மூன்று வாரம் மண் வாசனையே இல்லாமல் இருந்தால் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. அப்புறம் ஒரு மங்கலான வெளிச்சம், வானத்தின் அடிப்பக்கம். லாக் புத்தகத்தில் எழுதிவிட்டு நண்பனை எழுப்பினேன். தூக்கம் தாங்கவில்லை என்று கூப்பிடுகிறேன் என நினைத்து, ஒன்றும் கேட்காமல் வாரை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். மேலே வந்துதான் பார்த்தான். விடியும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். மெஸ் பில் பாக்கியைப் பற்றியும் அப்போதுதான் பேசித் தீர்த்தோம். நான்தான் தரவேண்டும் என்று தெரிந்தது.

துறைமுகத்தில் கால் வைத்ததும் தரை ஆடியது. இரண்டு நாள் ஆடியது. வீட்டுக்கு வந்து முதல் இரவு மூன்று மணிக்கு எழுந்து பால்கனியில் நின்று சுற்றிலும் ஒரு வட்டம் பார்த்தேனாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

நண்பன் அடுத்ததாகப் பனாமா கால்வாயைத் தாண்டிப் பசிபிக் போகிறான். வருகிறாயா என்று கேட்டிருக்கிறான். என் மனைவி முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதால் அதற்கான பதிலை இந்த மேடையில் சொல்லவில்லை. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்குகிறார்கள், அவர்களை எழுப்ப வேண்டாம்.